பெட்டிக்கு முன்னே பாடுபவள்

என் மகள் ஜாஸ்மியின் குரலைப் பற்றிக் கூறப் புகுமுன், அக்குரல் வளர்ந்த சாலையைப் பற்றிக் கூறுதல் முறையாகும். கருங்கல் ஊர்ச் சந்தையிலிருந்து மேற்கே பிரியும் கிளைச்சாலை ஒன்று எங்கள் ஆலயத்தைக் கடந்து, வாழைத் தோட்டங்களுக்கும் இரப்பர் தோட்டங்களுக்கும் நடுவே சிறிது சிறிதாக உயர்ந்து, பாறைமேட்டின் மீதுள்ள கல்லறைத் தோட்டத்தில் சென்று முடிகிறது. எங்கள் சபையில் எவர் இறந்தாலும் அச்சாலை வழியாகவே கொண்டு செல்லப்படுவர். முன்னே பாடகர் குழு நடக்கும். அதன்பின் போதகர், அவர் பின்னே சவப்பெட்டி, பெட்டியின் பின்னே உற்றார், அனைவர்க்கும் பின்னே ஊரார். கீபோர்டு முதலிய கருவிகள் எவையும் அங்கு இல்லை. குழுவில் ஒருவர் சுதி எடுத்துக் கொடுக்க, ஏனையோர் நான்கு குரல்களாகப் பிரிந்து அதனைப் பற்றிக்கொண்டு மேடேறுவர். ஒன்பதாம் வகுப்பு முதல் அவ்வாறு சுதி எடுத்துக் கொடுத்தவள் என் மகள்.

அடக்கத்தின்போது பாடப்படும் அப்பாட்டுக்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டுக்குள் அதனை எவரும் பாடுவதில்லை. அறியாப் பிள்ளை ஒன்று குளிக்கும்போது முணுமுணுத்துவிட்டாலும், "யாரைக் கொண்டு போகப் பாடுகட்டீ?" என்று அடுக்களையிலிருந்து அதட்டல் பிறக்கும். ஆதலின் ஜாஸ்மி அப்பாட்டை வீட்டில் ஒருநாளும் பாடியதில்லை. அடக்கத்திற்குச் செல்லும்போதோ நான் கடையைப் பூட்டிவிட்டுத் தாமதமாகச் சென்று, கூட்டத்தின் கடைசியில் நடப்பவள். அழுகையும் செருப்பொலியும் கடந்து என்னிடம் வந்து சேர்வது, காற்றில் கலைந்த ஏதோ ஓர் ஓசை மட்டுமே. இதனால் விளங்குவது யாதெனில், அப்பாட்டில் ஊரே கேட்ட குரலை அதனைப் பெற்ற நான் அருகிருந்து கேட்டதில்லை என்பதாகும்.

நான் சந்தையில் தையற்கடை நடத்துகிறேன். பெயர் தேவகனி. மேனிலைத் தேர்வை என் முப்பத்தொன்பதாம் வயதில் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, "அம்மா, எனக்குப் பாட்டுதான் படிக்கணும்" என்று சொன்ன நாளில், படிப்பின் அருமை அறிந்தவள் என்ற முறையில் நான் மறுப்புக் கூறவில்லை. ஆனால் எங்கே படிப்பது என்ற வினா எங்கள் வீட்டை இரண்டாகப் பிளந்தது.

வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று, திருவனந்தபுரத்தில் உள்ள ஓர் இசைக் கல்லூரி. அங்குக் கருநாடக இசையில் வாய்ப்பாட்டுப் பட்டம் பெறலாம். இரணியலில் காலை இரயிலேறினால் மாலையில் வீடு திரும்பலாம். பட்டம் பெற்றபின் பள்ளியில் இசையாசிரியை ஆகலாம். மற்றொன்று, பெங்களூரில் உள்ள ஒரு கல்லூரி. அங்கு மேடையில் பாடுவதையே முழுநேரப் பயிற்சியாகக் கொண்ட நான்காண்டுக் குரலிசைப் பட்டம். விடுதியில் தங்க வேண்டும். முடித்தபின் என்ன வேலை கிடைக்கும் என்று எவரிடம் கேட்டாலும், அவர் வேறு பேச்சுக்குத் தாவினார்.

வளைகுடா நாட்டில் தம்மாமில் குளிர்சாதனப் பணி செய்யும் என் கணவர் சத்தியராஜ், தொலைபேசியில் தம் கருத்தைச் சுருங்கக் கூறினார்.

"ரயில்ல போயிட்டு வாற எடம்னா கொள்ளாம். மத்தத நீ ரோசிச்சுக்க. பிள்ள மொகத்தப் பாத்துச் சொல்லு, நான் இங்கருந்து கொரல மட்டுந்தானே கேக்கேன்."

"கொரலப் பத்தித்தானே பேச்சே," என்றேன் நான்.

என் உள்ளமும் இரயிலின் பக்கமே நின்றது. மாலையில் மகள் வீடு திரும்பும் கல்லூரியே நல்ல கல்லூரி என்று எந்தத் தாயும் எண்ணுவாள். எனினும் இரண்டு இடங்களிலும் தேர்வுக்குச் செல்வது, அதன்பின் முடிவெடுப்பது என்று ஜாஸ்மி பிடிவாதமாகக் கூறிவிட்டாள்.

இச்செய்தி சந்தையில் பரவியது. என் கடைக்கு எதிரே மரச்சீனிக் கிழங்கு விற்கும் முத்துக்கனி அக்காள், தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். தமது அடக்கத்தின்போது உடுத்துவதற்கென்றே வெள்ளை ரவிக்கை ஒன்றை என்னிடம் தைக்கக் கொடுத்து, உடல் பெருத்ததால் அதனை இருமுறை பிரித்துத் தைக்கச் செய்தவர் அவர்.

"தேவகனி, பிள்ள பாட்டு படிக்கப் பெங்களூருக்குப் போறாளாமே, உள்ளதா?"

"ரெண்டு எடத்துல கேட்டிருக்கு அக்கா. ஒண்ணும் தீரல்ல."

"பாடத் தெரிஞ்ச பிள்ளைக்கிப் பாடப் படிச்சுக் குடுக்க ஒரு காலேஜா? அப்படின்னா மரச்சீனி விக்கப் படிச்சுக் குடுக்கவும் காலேஜ் இருக்கும், என்ன?"

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஜாஸ்மி தலையை நிமிர்த்தாமலே, "இருந்தா நீங்கதான் பெரியம்மா அதுக்குப் பிரின்சிபால்," என்றாள்.

"போட்டீ. சொல்லுகதக் கேளு. என்னைக் கொண்டு போற அன்னைக்கி முன்னால நீதான் பாடணும். அதுக்குப் பெறவு நீ எங்க வேணும்னாலும் போ."

"எப்பம் போறிய? நாள் சொன்னா டிக்கெட் எடுக்க வசதியா இருக்கும்."

பக்கத்துக் கடைக்காரர் வரை சிரித்தனர். முத்துக்கனி அக்காளும் சிரித்தார். ஆனால் திரும்பிச் செல்லும்போது அவர் என் கையைப் பற்றி, "வெளையாட்டில்ல கேட்டியா," என்று தாழ்ந்த குரலில் கூறிச் சென்றார்.

பாடகர் குழுவின் தலைவர் யேசுரத்தினம் அண்ணாச்சியின் எண்ணமும் அதுவே. கூட்டுறவு வங்கியில் பணிபுரியும் அவர், நயமாகப் பேசத் தெரிந்தவர். திருவனந்தபுரம் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளும் அடக்கங்களும் தவறமாட்டா என்பதை, வேறு வேறு சொற்களால் பலமுறை எனக்கு விளக்கினார். எனினும் பயிற்சியில் அவர் வஞ்சனை செய்யவில்லை. பெங்களூர்த் தேர்வுக்கென்று கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடப்படும் கடினமான பாட்டு ஒன்றைத் தெரிவு செய்து, நாள்தோறும் மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து பயிற்றுவித்தார். இணையத்தில் உள்ள பாடகியர் அனைவரும் அசையாது நின்று பாடுவதைக் கண்ட நாங்கள், ஜாஸ்மியைக் கண்ணாடி முன் நிறுத்தினோம்.

"ஆடாத மக்கா. காலச் சேத்து வையி," என்பார் அண்ணாச்சி.

"முதுகு நேரா," என்பேன் நான்.

அவளும் நேராகவே நின்றாள். பாட்டின் உச்சியில் இருந்த அந்த நெடிய வரி மட்டும், நாள்தோறும் ஒரே இடத்தில் ஒடிந்தது.

திருவனந்தபுரத்தில் தேர்வு இனிதே முடிந்தது. அங்குப் பாய் விரித்து அமரச் செய்தனர். சுதிப்பெட்டி ஒலிக்க, ஜாஸ்மி கண்ணை மூடிக் கீர்த்தனை ஒன்றைப் பாடினாள். குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை, வியப்பதற்கும் ஒன்றுமில்லை. இடம் தருவதாக அன்றே கூறினர். திரும்பும் வழியில் குழித்துறைப் பாலத்தின் மீது இரயில் ஓடும்போது, அவள் சன்னலின் வெளியே நோக்கியவாறு இருந்தாள்.

"சந்தோசமில்லியா மக்கா?"

"உண்டும்மா," என்றாள்.

அடுத்த வாரம் பெங்களூர் சென்றோம். கல்லூரியின் இசைக்கூடம் எங்கள் ஆலயத்தினும் நீளமானது. பலகைத் தரை கண்ணாடிபோல் மின்னியது. ஒரு முனையில் கரிய பியானோ ஒன்று வாயைத் திறந்து நின்றது. அதனருகே நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பேராசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். பெற்றோர் கடைசி வரிசையில் அமரலாம் என்று அனுமதித்திருந்தனர். எங்களுக்கு முன் பாடிய மாணவர் ஒவ்வொருவரும் மொழி விளங்காத பாடல்களைப் பாடினர். அவர்கள் குரல் கூரையைத் தொட்டு, எந்த முயற்சியும் இன்றிச் சுவரெல்லாம் வழிந்தது. ஒலிபெருக்கி ஒன்றுமின்றி மனிதத் தொண்டை அத்தனை பெரிய கூடத்தை நிரப்புவதை நான் அன்றுதான் கண்டேன். என் உடல் முழுவதும் சிலிர்த்தது. அதே வேளையில் அச்சமும் பிறந்தது. இவர்களிடையே என் பிள்ளை என்ன செய்வாள்?

ஜாஸ்மி பியானோவின் அருகே சென்று நின்றாள். கால்களைச் சேர்த்து வைத்தாள். முதுகை நிமிர்த்தினாள். பாட்டு தொடங்கியது. முதல் இரு அடிகள் பழுதின்றிச் சென்றன. பின்னர் அந்த நெடிய வரி வந்தது. வீட்டில் ஒடிந்த அதே இடத்தில், வீட்டில் ஒடிந்ததைவிட மோசமாக ஒடிந்தது. அவள் மீண்டும் தொடங்கினாள். மீண்டும் ஒடிந்தது. பியானோ வாசித்த இளைஞர் கைகளை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று எண்ணி, நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கன்னடம் கலந்த தமிழில் வினவினார்.

"நீ சாதாரணமா எங்கம்மா பாடுவே? சர்ச்லயா?"

"சர்ச்சிலயும் பாடுவேன் மேடம். கூடுதலும் ரோட்டுல."

"ரோட்டுலயா?"

"அடக்கத்துக்கு. பெட்டிக்கு முன்னால."

பின்வரிசையில் எவரோ சிரிப்பை அடக்கினர். பேராசிரியை சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நின்னுக்கிட்டா பாடுவீங்க?"

"இல்ல மேடம். நடந்துட்டுத்தான். நின்னா பின்னால பெட்டி சொமக்கவிய முட்டிக்கிடுவாவ."

"அப்போ நடந்து பாடு. அந்தப் பாட்டையே பாடு."

ஜாஸ்மி திரும்பி என்னைப் பார்த்தாள். அப்பார்வையின் பொருள் எனக்கு விளங்கிற்று. கூரையின் கீழ் அப்பாட்டைப் பாடலாமா என்று அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். ஊரில் இருந்திருந்தால் நான் நாவைக் கடித்துக்கொண்டு தலையசைத்து மறுத்திருப்பேன். அக்கூடத்திலோ மறுப்பதற்கு எனக்கு வலிமை இல்லை. நான் கண்களைத் தாழ்த்தினேன். அதனை அவள் உடன்பாடு என்று கொண்டாள்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கூடத்தின் நீளத்தை ஒருமுறை அளந்து பார்த்தாள். பின்னர் எங்கள் ஊர்ச் சாலையில் எவ்வாறு நடப்பாளோ அவ்வாறே, பின்னால் பெட்டி வருகிறது என்ற நினைவோடு, மெல்லக் காலெடுத்து வைத்தாள்.

இனி நிகழ்ந்ததைக் கூறுவதற்கு நான் கற்ற தமிழ் போதுமா என்று ஐயுறுகிறேன். முதலில் எழுந்தது குரல் என்றே தோன்றவில்லை. கூடத்தில் ஏற்கனவே இருந்த ஏதோ ஒன்றை அவள் நடந்து சென்று திறந்துவிட்டாள் என்றே தோன்றியது. இடக்கால் ஊன்றும்போது மூச்சு உள்ளே சென்றது. அடுத்த அடிகளில் அது வரியாக வெளியே வந்தது. தரை சமமாக இருந்தும் அவள் மேடேறுபவள்போல் ஏறினாள். கிறிஸ்துமஸ் பாட்டில் ஒடிந்த உயரம் எதுவோ, அதனினும் உயர்ந்த ஓர் இடம் இப்பாட்டின் மூன்றாம் அடியில் இருந்தது. அவள் அதனை நெருங்குவதைக் கண்டு நான் மூச்சை அடக்கினேன். அவளோ பாறைமேட்டில் காலை வைப்பதுபோல் அதன்மீது காலை வைத்து, அதனைக் கடந்து, அப்பால் இறங்கினாள். அதில் அழுகை இல்லை, ஆறுதலும் இல்லை. இறந்தவர் ஒருவரை வழி தவறாமல் கொண்டு சேர்க்கும் பொறுப்பு மட்டுமே இருந்தது. என் வயிற்றில் கிடந்த பிள்ளைக்கா இக்குரல் என்று எனக்கு அச்சமாகவே இருந்தது.

அப்பொழுது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதை உணர்ந்தேன். நான் இருக்கையில் இல்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் பையோடு, அவளுக்குப் பின்னே நடந்துகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்பது எனக்குத் தெரியாது. அப்பாட்டு முன்னே சென்றால் பின்னே நடப்பது எங்கள் ஊர்க் கால்களின் பழக்கம். வெட்கத்தால் நின்றுவிட எண்ணினேன், கால்கள் இசையவில்லை. பாட்டு முடியும் வரை தாயும் மகளுமாக அந்த மின்னும் தரையில் நடந்து, பியானோவை ஒருமுறை சுற்றி வந்தோம்.

எவரும் சிரிக்கவில்லை. கதவருகே நின்ற காவலர் தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

பேராசிரியை ஜாஸ்மியை அருகே அழைத்து, அவள் விலாவின்மீது தம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"உன் மூச்சு உன் கால்ல இருக்கும்மா. அதை இங்கே கொண்டு வரணும். அதுக்கு ஒரு வருஷமாவது ஆகும். நான் இடம் தரேன். ஆனா இன்னையிலேர்ந்து அந்த ஒரு வருஷம் நீ நடந்து பாடக் கூடாது. லீவுக்கு ஊருக்குப் போனாலும் ரோட்டுல பாடக் கூடாது. யார் செத்தாலும். அதுக்குச் சம்மதம்னா சனிக்கிழமைக்குள்ள எனக்கு ஃபோன் பண்ணு."

யார் செத்தாலும் என்ற அச்சொற்களை அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆயினும் அவை எங்களோடு இரயிலேறி, இரணியல் வரை வந்தன.

ஊரில் நான் நடந்ததை நடந்தவாறே கூறினேன். யேசுரத்தினம் அண்ணாச்சி தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வருசமா? அப்படின்னா அடக்கத்துக்கு யாரு சுதி எடுக்கதுக்கு?" என்று கேட்டார். பின்னர் தமக்குத்தாமே, "நிக்கச் சொன்னது நாமதானே," என்று கூறி எழுந்து சென்றார். கணவர் தொலைபேசியில், "நீ பொறவால நடந்தியா? எல்லாரும் பாத்தாவளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தார். பின்னர் சிரிப்பு நின்றது. "அப்படியாட்டீ பாடினா?" என்றார். நான் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினேன்.

முடிவை நான் கூறவில்லை. இரயிலில் போய்வரும் கல்லூரியையே கூற வேண்டும் என்று இருமுறை வாயெடுத்தேன். அக்கூடத்தில் கேட்ட குரல் என் வாயை மூடியது. அதனை அருகே வைத்துக்கொள்ள விரும்புவதற்கு நான் யார்? இரண்டு கல்லூரிகளின் பெயரையும் வீட்டில் எவரும் உச்சரிக்காமலே வெள்ளிக்கிழமை கழிந்தது.

சனிக்கிழமை பிற்பகல், ஓய்வுபெற்ற தபால்காரர் ஜான்ரோஸின் அடக்கம். வெயில் சாய்ந்திருந்தது. பாடகர் குழுவின் வெண்ணிறச் சேலை கட்டிலின்மீது மடித்தவாறே இருக்க, ஜாஸ்மி சாதாரணச் சுடிதார் அணிந்து என்னோடு வந்தாள். முன்னே செல்லாமல், கூட்டத்தின் கடைசியில் என் பக்கத்தில் நின்றாள். அவள் எதைத் தெரிவு செய்தாள் என்பதை நான் அப்பொழுதே அறிந்திருக்க வேண்டும். எனினும் உள்ளம் உடனே ஏற்கவில்லை.

பெட்டியைத் தூக்கினர். முன்னிருந்து பிரிஜா என்ற பெண் சுதி எடுத்தாள். அது தாழ்வாக இருந்தது. குழு அதனைப் பற்றிக்கொண்டு மேடேறியது. ஏற ஏறப் பாட்டு இறங்கியது. இரண்டாம் அடியின் நடுவில் ஆண்குரல்கள் தரையைத் தொட்டு நின்றுவிட்டன. அச்சாலையில் நான் முதன்முறையாக வெறும் செருப்பொலியைக் கேட்டேன். முன்னே சென்றவர் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. யேசுரத்தினம் அண்ணாச்சி திரும்பவில்லை. அவர் முதுகே கேட்டுக்கொண்டிருந்தது.

ஜாஸ்மியின் இடக்கால் ஊன்றும்போது அவள் விலா விரிவதைக் கண்டேன். அடுத்த அடியில் அவள் தொண்டை அசைந்தது. உதடுகள் திறக்கவில்லை. கண்களிலிருந்து நீர் வழிந்தது. அவள் அதனைத் துடைக்கவும் இல்லை. பாடு மக்கா, ஒரு வரி மட்டும் பாடு என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்தது.

எங்களுக்கு முன்னே நடந்த முத்துக்கனி அக்காள் திரும்பினார்.

"வாயத் தொறயேன்ட்டீ! பாவம் அந்த மனுசன், பாதி வழியில நிக்காரு!"

"முடியாது பெரியம்மா."

"ஏன், தொண்ட வலியா?"

"நான் பெங்களூருக்குப் போறேன்."

முத்துக்கனி அக்காள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பின்னர் முன்புறம் திரும்பி, சந்தையில் கிழங்கு கூவி விற்கும் தம் குரலால் பாட்டின் அடுத்த அடியை எடுத்தார். அது மிகவும் உயரமாக இருந்தது. எவராலும் எட்ட இயலாத உயரம் அது. ஆயினும் எங்களைச் சுற்றி நடந்த கடைசி வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக அதனைப் பற்றித் தொங்கினர்; நானும் தொங்கினேன். முன்னிருந்த குழுவுக்கு நாங்கள் பின்னிருந்து பாட்டை அனுப்பினோம். கரகரப்பும் கீச்சொலியும் நிறைந்த அப்பாட்டு, எவ்வாறோ தபால்காரரைப் பாறைமேடு வரை கொண்டு சேர்த்தது.

கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் முத்துக்கனி அக்காள் இடுப்பில் கைவைத்து மூச்சிரைத்தார்.

"என்னைய எடுக்கும்போ நீ இல்லன்னா இப்படித்தான் இருக்கும். கேட்டியா?"

"கேட்டேன் பெரியம்மா."

"சாரமில்ல. எனக்கு இதும் போதும். நீ போய் நிக்கப் படிச்சிட்டு வா." பின்னர் என்னிடம், "ரவிக்கை அக்குளுல பிடிக்கு. இன்னும் கொஞ்சம் பிரிச்சு விடு," என்று கூறி உள்ளே சென்றார்.

ஜாஸ்மி என் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். மதிலோரம் சென்று எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி ஒலிக்கும்போது, அவள் மதிலை ஒட்டி முன்னும் பின்னும் மெல்ல நடக்கத் தொடங்கினாள். எடுத்தவர் குரல் கேட்டதும் சட்டென்று தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். நின்றாள். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்தாள். விலாவின்மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"மேடம், நான் ஜாஸ்மி," என்றாள். "வாறேன்."